ட்ரோம்சோவில் நாள் முழுக்க சூரியன் உச்சியில் நிற்குமா?

“நார்வேயின் ட்ரோம்சோவில் ஜூன் 21 அன்று மட்டும் சூரியன் மறையாது, 24 மணி நேரமும் உச்சியிலேயே நிற்கும்” என்று ஒரு வாட்ஸ்அப் தகவல் சுற்றுகிறது. மறையாது என்பது சரி. மற்றதெல்லாம் கதை.

அங்கே மே 20 வாக்கில் தொடங்கி ஜூலை 22 வாக்கு வரை, ஏறக்குறைய இரண்டு மாதம் சூரியன் மறைவதில்லை. உச்சிக்கு வருவதும் கிடையாது. ஜூன் 21 நண்பகலில்கூட சுமார் 44 பாகை உயரம்தான், அதாவது பாதி வானம். அப்புறம் மேற்கே சுற்றி மெல்லச் சரிந்து, கடிகாரத்தில் இரவு பன்னிரண்டே முக்கால் வாக்கில் வடக்குத் தொடுவானத்துக்கு 3 பாகை மேலே இருக்கும். ஆமாம், வடக்கேதான்! கையை நீட்டி இரண்டு விரலைப் படுக்கையாக வைத்துப் பாருங்கள். கிட்டத்தட்ட அவ்வளவு உயரம். நடுவே ஒரு மலை இருந்தால் அதுவும் தெரியாது, வெளிச்சம் மட்டும் இருக்கும்.