பெயரைச் சொல்லாமல் இருப்பதற்கு ஒரு வேலை

சாலிகிராமத்தில், ஒரு தையல் கடைக்கு மேலே இரண்டாம் மாடியில் இருக்கும் சினிமா இணையதள நிறுவனம் ஒன்றில் நான் பயிற்சிப் பணிக்குச் சேர்ந்து இன்றோடு பத்தொன்பது நாட்கள் ஆகின்றன. இந்த நாட்களில் "பிரபல" என்ற சொல்லை எத்தனை முறை தட்டச்சு செய்திருப்பேன் என்று நேற்றிரவு எண்ணத் தொடங்கி, முந்நூறைத் தாண்டியதும் அலுத்துப்போய் நிறுத்திக்கொண்டேன். பிரபல நடிகை, பிரபல இயக்குநர், பிரபல நடிகரின் மகள், அந்த மகளின் கல்லூரித் தோழி. இவ்வளவு பிரபலமாக இருப்பவருக்குப் பெயர் என்று ஒன்று இருக்காதா என்று கேட்கிறீர்களா? இருக்கிறது. அதைத் தலைப்பில் எழுதினால்தான் எனக்குத் திட்டு விழுகிறது.

இந்த எரிச்சல் ஏன் எனக்கு மற்றவர்களைவிட இரண்டு மடங்காக இருக்கிறது என்பதைச் சொல்ல வேண்டும். நான்கு ஆண்டுகளாக நான் ஒரு வலைப்பூ எழுதி வருகிறேன். அது முழுக்க முழுக்கப் பெயர்களைப் பற்றியது. படம் தொடங்கும்போதும் முடியும்போதும் திரையில் கண் எட்டுவதற்குள் ஓடி மறைந்துவிடும் பெயர்கள் இருக்கின்றனவே, ஒலிக்கலவை செய்தவர், கேமராவின் ஃபோகஸைப் பார்த்துக்கொள்ளும் ஃபோகஸ் புல்லர், சண்டைக் கலைஞர்கள், பின்னணிக் குரல் கொடுத்தவர்கள், அவர்களைப் பற்றித்தான் எழுதினேன். படத்தை நிறுத்தி நிறுத்தி நோட்டில் குறித்துக்கொண்டு, பழைய பேட்டிகளைத் தேடிப் படித்து, ஒரு பதிவுக்கு இரண்டு வாரம்கூட எடுத்துக்கொண்டிருக்கிறேன். சிம்ரனும் ஜோதிகாவும் திரையில் பேசும்போது நாம் கேட்டது பல படங்களில் பின்னணிக் குரல் கலைஞர் சவிதாவின் குரல் என்பதை என் வகுப்புத் தோழிகளே நம்ப மறுத்ததுதான் என்னை இந்தப் பக்கம் இழுத்துவந்தது. முகம் ஒருவருடையது, குரல் இன்னொருவருடையது. முகத்துக்கு மட்டும் சுவரொட்டி, குரலுக்கு ஒரு விநாடி எழுத்து. அந்த ஒரு விநாடியைக் கொஞ்சம் நீட்டிவைப்பதுதான் என் வேலை என்று நானே முடிவு செய்துகொண்டேன்.

நேர்காணலில் ஆசிரியர் அந்த வலைப்பூவைத் தன் கைப்பேசியில் திறந்துவைத்துக்கொண்டுதான் பேசினார். "இந்த டீட்டெய்லிங்தாம்மா எங்களுக்கு வேணும்" என்றார். வடபழனி வந்து, மெட்ரோ பணிக்காகத் தோண்டிப்போட்டிருக்கும் ஆற்காடு சாலையின் தகரத் தடுப்புகளை ஒட்டியே நடந்து ஹாஸ்டலுக்குப் போகும் வழியெல்லாம் எனக்குக் கால் தரையில் பாவவில்லை. ஏவி.எம். ஸ்டுடியோவின் உருண்டையைப் பார்த்து, நானும் இனி இந்தத் தெருக்காரிதான் என்று மனத்துக்குள் சொல்லிக்கொண்டேன். அசடு!

முதல் நாள் காலையிலேயே சூத்திரம் கையில் தரப்பட்டது. ஒரு நடிகை தன் இன்ஸ்டாகிராம் பக்கத்தில் ஒரு புகைப்படம் போடுகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். முடியை வெட்டிக்கொண்டிருக்கிறார். செய்தி அவ்வளவுதான், ஐந்து சொற்களில் முடிந்துவிடும். அதை நான் முந்நூறு சொல் ஆக்க வேண்டும். தலைப்பில் அவர் பெயர் வரக் கூடாது, "இந்தப் பிரபல நடிகையா இது?" என்றுதான் இருக்க வேண்டும். முதல் பத்தியில் பெயர் வரக் கூடாது, தமிழ் சினிமாவில் தனக்கென ஓர் இடத்தைப் பிடித்தவர் என்று மட்டும் சொல்ல வேண்டும். பிறகு ஒரு விளம்பரம். இரண்டாம் பத்தியில் அவர் எந்த ஆண்டு அறிமுகமானார், யாருடன் ஜோடி சேர்ந்தார் என்று ஒரு பட்டியல். பிறகு இன்னொரு விளம்பரம். மூன்றாம் பத்தி "இந்நிலையில்" என்று தொடங்கும். இந்நிலையில் என்ற சொல்லுக்குத் தமிழில் இதற்குமுன் என்ன பொருள் இருந்ததோ எனக்குத் தெரியாது. எங்கள் அலுவலகத்தில் அதற்கு "இதுவரை நான் எதுவுமே சொல்லவில்லை" என்று பொருள். நான்காம் பத்தியில்தான் பெயரும் புகைப்படமும் வரும். கடைசி வரி எப்போதும் ஒன்றுதான்: இதைக் கண்ட ரசிகர்கள் அதிர்ச்சியில் உறைந்துள்ளனர்.

எந்த ரசிகர்? எங்கே உறைந்திருக்கிறார்? அந்தப் படத்துக்குக் கீழே நான் ஒழுங்காகத் தேடிப் பார்த்தேன். இதயக் குறியீடுகள் இருந்தன, "அழகு" என்று பலர் எழுதியிருந்தார்கள், சேலை விற்பவர் ஒருவர் தன் எண்ணைப் போட்டிருந்தார். அதிர்ச்சியடைந்தவர் ஒருவரும் இல்லை. காலை பத்தரை மணிக்கு, டீ ஆறிக்கொண்டிருக்க, அந்த அதிர்ச்சியை உட்கார்ந்து உற்பத்தி செய்தவள் நான் ஒருத்திதான்.

இதன் கணக்கு புரியாத அளவுக்கு நான் அப்பாவி இல்லை. கூகுள் 2003இல் ஆட்சென்ஸ் என்ற விளம்பரச் சேவையைக் கொண்டுவந்ததிலிருந்து, சொந்தமாக விளம்பரம் பிடிக்க ஆளில்லாத சின்னத் தளங்களும் பக்கம் பார்க்கப்படுவதை ஆயிரம் ஆயிரமாக எண்ணிக் காசாக்கிக்கொள்ள முடிகிறது. வாசகர் எவ்வளவு கீழே உருட்டுகிறாரோ அவ்வளவு விளம்பரங்கள் அவர் கண்ணில் படும். பெயரைத் தலைப்பிலேயே சொல்லிவிட்டால், "ஓ, இவரா" என்று அவர் தன் வேலையைப் பார்க்கப் போய்விடுவார். ஆகவே பெயர் ஒரு தூண்டில் புழு, அதை எவ்வளவு ஆழத்தில் இறக்குகிறோமோ அவ்வளவு வரும்படி. இதையாவது ஒப்புக்கொள்ளலாம், வயிற்றுப்பாடு என்று விடலாம். ஆனால் இதை "எஸ்.இ.ஓ. ரூல்ஸ்மா, கூகுள் கேக்குது" என்று, அதாவது கூகுள் தேடலில் முன்னால் வருவதற்கான விதி என்று, ஆசிரியர் என்னிடமே சொன்னபோதுதான் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஏனென்றால் கூகுள் கேட்பது இதற்கு நேர் எதிரானது. கைப்பேசியில் செய்தி அட்டைகளாக வந்து விழும் டிஸ்கவர் பகுதிக்கென்று அந்த நிறுவனமே வழிகாட்டுதல்களை வெளியிட்டிருக்கிறது. உள்ளடக்கம் எதைப் பற்றியது என்று புரிந்துகொள்ளத் தேவையான முக்கியமான தகவலை மறைத்துவைத்து ஆளை இழுக்காதீர்கள் என்று அதில் வெளிப்படையாகவே எழுதியிருக்கிறது. நான் அந்தப் பக்கத்தைத் திறந்து ஆசிரியரிடம் காட்டினேன். அவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு முழுதாகப் படித்தார். "அது ரூல்ஸ்மா, இது டார்கெட்" என்று கைப்பேசியைத் திருப்பிக் கொடுத்தார். ஒரு நாளைக்குப் பன்னிரண்டு உருப்படிகள் என்பது என் டார்கெட். அவை கட்டுரைகள் அல்ல, செய்திகளும் அல்ல. அங்கே அவற்றுக்குப் பெயரே உருப்படிதான்.

பெயரை மறைப்பது தமிழ் சினிமா எழுத்துக்குப் புதிதில்லையே என்று சிலர் சொல்லக்கூடும். உண்மைதான். "மூன்றெழுத்து நடிகை", "பூப்பெயர் நாயகி" என்றெல்லாம் வார இதழ்களில் வந்த கிசுகிசுக்களை என் அத்தை இன்றும் நினைவிலிருந்து ஒப்பிப்பார். ஆனால் அங்கே மறைப்பதற்கு ஏதோ ஒன்று இருந்தது. வழக்கு வரும், அடி விழும் என்ற பயம் இருந்தது. அதைவிட மோசமானதும் நடந்த ஊர்தான் இது: நட்சத்திரங்களின் அந்தரங்கத்தை எழுதி 'இந்துநேசன்' பத்திரிகையை நடத்திய லட்சுமிகாந்தன் 1944 நவம்பரில் வேப்பேரியில் கத்தியால் குத்தப்பட்டு மறுநாள் இறந்தார், அந்த வழக்கில் சிறை சென்ற தியாகராஜ பாகவதரும் என்.எஸ்.கிருஷ்ணனும் 1947இல்தான் வெளியே வந்தார்கள். அந்த எழுத்தை நான் நியாயப்படுத்தவில்லை, அது பல வீடுகளை எரித்த எழுத்து. ஆனால் அந்தக் காலத்து மஞ்சள் பத்திரிகைக்காரனுக்குக்கூட ஒளித்துவைக்க ஓர் இரகசியம் கிடைத்திருந்தது. நாங்கள் ஒளித்துவைப்பது, தானே முடி வெட்டிக்கொண்டு, தானே படம் எடுத்து, தானே ஊருக்கெல்லாம் காட்டியவரின் பெயரை!

இதே கோடம்பாக்கத்தில்தான் ஃபிலிம் நியூஸ் ஆனந்தனும் இருந்தார் என்பதை நினைக்கும்போது வெட்கமாக இருக்கிறது. எம்.ஜி.ஆரின் 'நாடோடி மன்னன்' 1958இல் வந்தபோது மக்கள் தொடர்பாளராகத் தொடங்கியவர், 2016இல் மறையும்வரை, எந்தப் படம் எப்போது வந்தது, அதில் யார் யார் வேலை செய்தார்கள் என்று சேர்த்துக்கொண்டே இருந்தார். அவருடைய சேகரிப்பைத் தமிழக அரசே வாங்கியது. அவரும் சினிமாக்காரர்களைப் பற்றிய செய்தியில் பிழைத்தவர்தான். அவர் வேலை பெயர்களைச் சேர்ப்பது, எங்கள் வேலை பெயர்களைப் புதைப்பது; பிழைப்பில் இவ்வளவு வேறுபாடு இருக்க முடியும் என்பதற்காகச் சொல்கிறேன்.

இரண்டாவது வாரம் நான் ஒரு முயற்சி செய்தேன். அலுவலகத்திலிருந்து இரண்டு தெரு தள்ளி ஒரு பின்னணிக் குரல் கலைஞர் இருக்கிறார். முப்பது ஆண்டுகளுக்கும் மேலாகக் குரல் கொடுப்பவர். அழுகைக் காட்சிக்குக் குரல் கொடுத்துவிட்டு வீட்டுக்கு வந்தால் இரண்டு நாள் சாதம் இறங்காது என்று டீக்கடை வாசலில் வைத்து என்னிடம் பேச்சுவாக்கில் சொன்னார். எனக்கு அந்த ஒரு வரி போதும், அதைச் சுற்றி ஒரு முழுப் பேட்டி எழுதிவிடுவேன். பன்னிரண்டு உருப்படிகளையும் முடித்துவிட்டு, என் சொந்த நேரத்தில் எழுதித் தருகிறேன் என்றுதான் கேட்டேன். "முகம் தெரியாதவங்களை யாரும்மா கிளிக் பண்ணுவாங்க?" என்றார் ஆசிரியர். அத்துடன் விட்டிருந்தால்கூடப் பொறுத்திருப்பேன். "வேணும்னா அவங்க குரல் கொடுத்த ஹீரோயின் படத்தைப் போட்டு, இந்த நடிகையின் குரல் அவருடையது இல்லையா, ரசிகர்கள் ஷாக், அப்படின்னு பண்ணலாம்" என்று சேர்த்துச் சொன்னார். அந்த அம்மாவின் பெயர் எத்தனையாவது பத்தியில் வரும் என்று நான் கேட்கவில்லை. நான்காவது பத்தியில்கூட வந்திருக்காது.

இன்னொன்றையும் சொல்லாமல் விட முடியாது, இது முடிவெட்டிய கதையைப் போல் சிரித்துவிட்டுப் போகும் விஷயம் இல்லை. எங்கள் பொதுக் கோப்புகளில் ஒரு பட்டியல் இருக்கிறது. எழுபது வயதைக் கடந்த நடிகர்கள், பாடகர்கள், இயக்குநர்கள். பக்கத்தில் வயது. அதற்கும் பக்கத்தில் "ரெடி" அல்லது "ரெடி இல்லை". இரங்கல் குறிப்புகளை முன்கூட்டியே எழுதிவைப்பது நாளிதழ்களிலும் உள்ள வழக்கம்தான், அதை நான் குறை சொல்லவில்லை. ஆனால் ஒருவர் காய்ச்சலுக்காக மருத்துவமனைக்குப் போனால் போதும், "பிரபல பாடகருக்கு என்ன ஆச்சு? சோகத்தில் திரையுலகம்" என்ற தலைப்பு அரை மணி நேரத்தில் ஏறிவிடுகிறது. அதில் பெயர் இருக்காது. பெயர் இல்லாததால், தனக்குப் பிடித்த பாடகர் ஒவ்வொருவரையும் நினைத்து நெஞ்சு பதற வாசகர் திறப்பார். திறக்க வேண்டும் என்பதுதான் ஏற்பாடு. 2020 ஆகஸ்ட் 5இல் எஸ்.பி.பாலசுப்ரமணியம் மருத்துவமனையில் சேர்ந்ததிலிருந்து செப்டம்பர் 25இல் அவர் மறைந்தது வரை, பள்ளி முடித்த வயதில், நான் இப்படிப்பட்ட தலைப்புகளை ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்துக்கொண்டிருந்தேன். அவருக்குக் கொரோனா தொற்று நீங்கிவிட்டதாக ஆகஸ்ட் 24 அன்று செய்தி பரவியபோது என் அப்பா சாமி விளக்கை ஏற்றினார். அது உண்மையில்லை என்று அவர் மகன் சரண் வந்து சொல்ல வேண்டியிருந்தது. அப்பா விளக்கை அணைக்கவில்லை, அது தானாக எண்ணெய் தீர்ந்து அணைந்தது. அந்தத் தலைப்புகளை எழுதிக்கொண்டிருந்த யாரோ ஒருத்தியின் நாற்காலியில்தான் நான் இப்போது உட்கார்ந்திருக்கிறேன்.

பணத்தைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. மாதம் ஐயாயிரம் ரூபாய், மூன்றாம் மாத முடிவில் ஒரு சான்றிதழ். பழகுநர்களுக்கு ஊக்கத்தொகை தர வேண்டும் என்று 1961லேயே நாட்டில் ஒரு சட்டம் வந்துவிட்டது. அதன்படி பதிவு செய்யாமல் "இன்டர்ன்" என்று கூப்பிட்டுவிட்டால் அந்தச் சட்டம் எங்கள் மாடிப்படி ஏறாது. ஹாஸ்டல் வாடகையை அப்பாதான் அனுப்புகிறார்.

எனக்குப் பக்கத்து இருக்கையில் இருக்கும் அண்ணன் நல்லவர். ஒரு நாளிதழில் எட்டு வருடம் திருத்துநராக இருந்து, வேலை போய், இங்கே வந்தவர். ஒற்று மிகும் இடமெல்லாம் தூக்கத்திலும் சொல்வார். "ஜனங்க இதைத்தான் படிக்கறாங்க பாப்பா, நாம என்ன பண்ண?" என்பது அவருடைய ஆறுதல். அவரிடம் எதிர்த்துப் பேச எனக்கு மனம் வரவில்லை, ஆகவே இங்கே சொல்கிறேன். ஜனங்கள் இதைப் படிக்கவில்லை, அண்ணா. தேடுகிறார்கள். யார் என்று தெரிந்துகொள்வதற்காக மூன்று பத்திகளுக்கு நடுவே, தானாக ஓடும் வீடியோவை மூடிக்கொண்டு, தவறிப்போய் விரல் பட்டுத் திறந்த சூதாட்ட விளம்பரத்திலிருந்து திரும்பி வந்து, ஒரு பெயரைத் தேடுகிறார்கள். கிடைத்ததும் நம்மைத் திட்டிவிட்டுப் போகிறார்கள். அந்தத் தேடலை விருப்பம் என்று டேஷ்போர்டில் வரைபடமாகப் போட்டுவைத்து, வாசகரின் ரசனை இதுதான் என்று அவர் தலையிலேயே பழியைப் போடுவது என்ன நியாயம்? சோற்றில் கல்லைக் கலந்துவிட்டு, ஜனங்களுக்குக் கல் பொறுக்கப் பிடிக்கும் என்று சொல்வார்களா?

கடந்த வியாழக்கிழமை ஒரே ஒரு முறை மீறிப் பார்த்தேன். ஒரு நடிகர் புதுப் படத்துக்காக உடல் எடையைக் குறைத்திருந்தார். தலைப்பில் அவர் பெயர், படத்தின் பெயர், என்ன செய்திருக்கிறார் என்பது, மூன்றையும் ஒன்பது சொற்களில் எழுதினேன். உள்ளே இரண்டே பத்திகள். இந்நிலையில் இல்லை, அதிர்ச்சி இல்லை. எழுதிமுடித்துப் படித்தபோது இந்த அலுவலகத்தில் நான் எழுதிய முதல் தமிழ் வாக்கியம் அதுதான் என்று தோன்றியது. பதினோரு நிமிடம் உயிரோடு இருந்தது. பிறகு பார்த்தால் "அடையாளமே தெரியலையே! எலும்பும் தோலுமாக மாறிய பிரபல நடிகர்" என்று மாறியிருந்தது. அந்த வாரத்தில் அதிகம் பார்க்கப்பட்ட உருப்படி அதுதான் என்று திங்கட்கிழமை எல்லோர் முன்னிலையிலும் என்னைப் பாராட்டினார்கள்.

எழுதியவர் பெயர் வரும் இடத்தில் எங்கள் தளத்தில் எல்லாவற்றுக்கும் "அட்மின்" என்றுதான் வரும். அம்மா ஊரிலிருந்து தினமும் இரவு போன் செய்கிறார். பக்கத்து வீட்டு அக்காவிடமும் பூக்காரம்மாவிடமும் காட்ட வேண்டுமாம், நீ எழுதியதில் ஒன்றை அனுப்பு என்று கேட்கிறார். நேற்றும் கேட்டார். சிக்னல் சரியில்லை என்று சொல்லி வைத்துவிட்டேன்.