முதலில் பட்டா, அப்புறம் பாரம்பரியப் பலகை

குடிசைப் பகுதி என்றாலே புல்டோசரைக் கூப்பிடுகிறவர்களைப் பற்றிப் புதிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. "என்ன அழகு, பாரம்பரியச் சின்னமாக அறிவித்து ஒரு செங்கல்லைக்கூட அசைக்காமல் காக்க வேண்டும்" என்று கேமராவோடு வருகிறார்களே, அவர்களாலும் அங்கே இருக்கிறவர்கள் வீட்டை விட்டுப் போக நேர்கிறது. இந்தப் பதிவு அவர்களுக்கு.

தைவான் தலைநகர் தைப்பேயின் டிரெஷர் ஹில் குடியிருப்பை எடுத்துக்கொள்வோம். முன்னாள் படைவீரர்கள் மலைச்சரிவில் அனுமதி கேட்காமல் கட்டிக்கொண்ட வீடுகள். பூங்காவுக்காக இடிக்க இருந்தார்கள். எதிர்ப்பு கிளம்பி, 2004இல் வரலாற்றுக் கட்டடமாகப் பதிவானது. மராமத்துக்காக ஆட்களை வெளியேற்றி, 2010இல் கலைஞர் கிராமமாகத் திறந்தார்கள். பழைய குடும்பங்களில் திரும்பி வந்தது கொஞ்சம் பேர்தான்.

அதனால் முதல் வேலை நில உரிமை. அதிலும் வீட்டுக்கு ஒரு பட்டா என்று பிரித்துக் கொடுத்தால், பாரம்பரியப் பட்டியலில் ஏறி விலை கூடியதும் ஒவ்வொன்றாக வாங்கிப் போட ஆள் வந்துவிடும். போர்ட்டோ ரிக்கோவில் சான் யுவானின் கானோ மார்ட்டின் பென்யா கால்வாய்க்கரை மக்கள் இதற்கு ஒரு வழி கண்டார்கள். 2004இல் வந்த சட்டத்தை வைத்து, நிலம் பொது அறக்கட்டளையின் பெயரில். வீடும் மனையை ஆளும் உரிமையும் குடும்பத்தின் பெயரில். பிள்ளைகளுக்கு எழுதி வைக்கலாம், அடிநிலத்தை மட்டும் விற்க முடியாது. இவ்வளவும் முடிந்த பிறகு பலகை மாட்டுங்கள், யார் வேண்டாமென்றது?

அடுத்து, எதைக் காப்பது? தென்கொரியாவில் பூசான் நகரின் கம்சோன் குடியிருப்பில் 2009இல் கலைத் திட்டம் தொடங்கியதிலிருந்து எல்லார் கண்ணும் வண்ணத்தில். அங்கே பெரிய விஷயம், 1950களில் குடியேறியவர்கள் வைத்துக்கொண்ட ஏற்பாடு: முன்வீடு பின்வீட்டை மறைக்கக் கூடாது, சந்துக்குச் சந்து வழி இருக்க வேண்டும். அதே ஊரின் அமிதோங்கில், ஜப்பானியர் விட்டுப்போன கல்லறைக் கற்களைத்தான் கொரியப் போர் அகதிகள் அடித்தளத்துக்கும் படிக்கட்டுக்கும் போட்டார்கள். அந்தச் சுவரை "சீரமைக்கிறேன்" என்று சாந்து பூசினால் ஒரே நாளில் வரலாறு காலி.

மொட்டை மாடியில் நீட்டிக்கொண்டிருக்கும் கம்பிகளை எடுத்துக்கொள்வோம். பார்வைக்கு அசிங்கம், வெட்டிவிடு என்பார்கள். அடுத்த மாடிக்கான சேமிப்பு அது. 12 மி.மீ. கம்பி என்றால், அடுத்த மாடியின் கம்பியோடு சேர ஏறக்குறைய 60 செ.மீ. நீட்டிக்கொண்டிருக்க வேண்டும், வெட்டிவிட்டால் பிறகு துளை போட்டு ஒட்டும் வேலைதான், சரியாகச் செய்யாவிட்டால் அந்த இணைப்பை நம்ப முடியாது. துருப்பிடிக்காமல் சிமென்ட் பால் பூசி, மேலே பிளாஸ்டிக் குழாய் மாட்டி வையுங்கள். ஆனால் ஒரு மாடிக்குப் போட்ட ஒன்பதங்குலத் தூணில் மூன்று ஏற்றுவதைப் பண்பாடு என்று விட்டுவிட முடியாது. பொறியாளர் பார்த்து இத்தனை மாடிதான் என்று எழுதிக் கொடுக்கட்டும்.

இடிக்காமலேயே வீட்டைக் கெடுக்கும் வேலை ஒன்று உண்டு: சந்துக்கு கான்கிரீட் போடுவது. பழையதைப் பெயர்க்காமல் மேலேயே 10 செ.மீ. போடுவார்கள். மூன்று தடவை ஆனதும் தெரு ஓர் அடி உயர்ந்து நிற்கும். மழைத்தண்ணீர் வீட்டுக்குள் வரும். வீட்டுக்காரர் வாசற்படியை ஏற்றுவார், கதவு குட்டையாகும், எல்லாரும் குனிந்தே நுழைவார்கள். பிறகு அதிகாரி வந்து "வசிக்கத் தகுதியற்றது" என்று எழுதுவார்! வேலை தொடங்கும் முன் தண்ணீர் நிரப்பிய டியூபால் ஒவ்வொரு படிக்கும் மட்டம் பிடித்துக் குறியுங்கள். ஆகத் தாழ்ந்த படிக்கு 15 செ.மீ. கீழே தளம் முடிய வேண்டும். பழையதைப் பெயர்த்து, முதலில் கழிவுக் குழாய், அதன்மேல் தேவைப்பட்டால் தூக்கி எடுக்கக்கூடிய பலகைக்கல்.

தீயணைப்பு வண்டி நுழையாது என்பது இடிப்பதற்கு வழக்கமான சாக்கு. வண்டி நுழைய வேண்டாம், தண்ணீர் நுழைந்தால் போதும். சந்துக்குள்ளேயே குழாய்முனையும் ஹோஸ் பெட்டியும் வைத்து, எட்டுப் பேருக்குப் பழக்கிவிடுங்கள். ஹோஸ் கடைசி வீடு வரை எட்டுகிறதா என்று விரித்தே பார்க்க வேண்டும்.

ஆவணம் எடுக்கும்போது முகப்பை மட்டும் படம் பிடிக்காதீர்கள். ஒவ்வொரு வீட்டுக்கும் 1:50 அளவில் (நிஜத்தில் 50 செ.மீ., தாளில் 1 செ.மீ.) வரைபடம். எந்த அறை எப்போது, யார் கையால், எந்தப் பணத்தில் என்ற வரிசை. வருடம் கேட்டால் தடுமாறுவார்கள். எந்தப் பிள்ளை பிறந்தபோது, எந்த வெள்ளத்துக்கு முன் என்று கேட்டால் சரியாக வரும். குறுகிய சந்தில் ஜிபிஎஸ் பிசகும், டேப்பும் லேசர் கருவியும்தான் கை கொடுக்கும். குடும்பப் பெயர்களும் வீட்டு எண்களும் தனிக் கோப்பில், குடியிருப்போர் சங்கத்திடம் இருக்கட்டும். இந்த வரைபடமே நாளைக்கு இடிப்புப் பட்டியலாகலாம்.

ஆனால் வீட்டுச் சுவரில் எண் எழுதவே எழுதாதீர்கள். பிரேசிலின் ரியோ நகரில், 1897லிருந்து இருக்கும் புரோவிடென்சியா குன்றுக் குடிசைப் பகுதியில், நகராட்சியின் வீட்டுவசதித் துறை தன் பெயரின் மூன்று எழுத்தைச் சுவரில் தெளித்துவிட்டுப் போனது. எழுத்து விழுந்த வீடு இடிபடப் போகும் வீடு. எண் தேவையென்றால் அட்டையில் எழுதி வீட்டுக்காரர் கையிலேயே கொடுங்கள்.