பழைய இணைப்பைத் துண்டித்த பிறகுதான் லேண்ட்லைன் எண்ணை வேறு நிறுவனத்துக்கு மாற்ற முடியுமா?

“முதலில் பழைய நிறுவனத்தில் இணைப்பை ரத்து செய்யுங்கள், பிறகு அதே எண்ணைப் புதிய நிறுவனத்திடம் கேளுங்கள்” என்றொரு ஆலோசனை சுற்றி வருகிறது. இது தவறு. எண்ணை இழப்பதற்கு இதைவிட எளிய வழி கிடையாது.

அதே லேண்ட்லைன் எண்ணை வேறு நிறுவனத்துக்கு மாற்றிக்கொள்ளும் வசதி எல்லா நாட்டிலும் இல்லை. இருக்கும் இடங்களில், பொதுவாகச் செயல்பாட்டில் உள்ள எண்ணைத்தான் மாற்றுவார்கள். ரத்தான எண் பழைய நிறுவனத்தின் இருப்புக்குத் திரும்பிவிடக்கூடும்; பின்னர் வேறொருவருக்கும் போகலாம்.

கோரிக்கையைப் புதிய நிறுவனத்திடம்தான் கொடுக்க வேண்டும். கடைசி பில்லைக் கையில் வைத்துக்கொண்டு கணக்கு எண், பெயர், முகவரி ஆகியவற்றை அதில் உள்ளபடியே எழுதுங்கள். நிராகரிப்புகளில் பல, இனிஷியல் மாறியதாலோ இணைப்பு இறந்துபோன தாத்தா பெயரில் இருப்பதாலோ வருபவை. பெயரை முதலில் பழைய நிறுவனத்தில் திருத்திவிடுங்கள்.

பலர் கவனிக்காத ஒன்று: அதே தொலைபேசிச் செம்புக் கம்பியில் டிஎஸ்எல் இணையம் ஓடினால், எண் போகும்போது இணையமும் நின்றுவிடக்கூடும். அலாரம், ஃபேக்ஸ் இருந்தால் புதிய இணைப்பில் அவை வேலை செய்யுமா என்று முன்பே கேளுங்கள். வேறு ஊருக்குக் குடிபோகிறவர்களுக்கு, பகுதிக் குறியீடு மாறுவதால் மாற்றம் மறுக்கப்படலாம்.

மாற்றம் நடந்த நாளில் வெளியே அழைப்பு போவதை மட்டும் பார்த்துத் திருப்தியடைய வேண்டாம். இரண்டு மூன்று வெவ்வேறு நெட்வொர்க்குகளிலிருந்து அழைக்கச் சொல்லுங்கள். உள்வரும் அழைப்புதான் தாமதமாகச் சீராகும். பழைய கணக்கில் மீதி பில்லும் ஒப்பந்த முறிவுக் கட்டணமும் இருந்தால் அவை தனி.