வைரஸுக்குச் சாதி கற்பிக்க வேண்டாம்

அந்த வீடியோவைப் பார்க்காதவர் இந்நேரம் டர்பன் தமிழர்களில் அதிகம் பேர் இருக்க மாட்டீர்கள். கூழ் ஊற்றிய பிறகு கோயில் மண்டபத்தில் நடந்த உடல்நலப் பேச்சு. பேசியவர் பெயரை எழுதப் போவதில்லை. வயதில் மூத்தவர், எங்கள் வீட்டுக்கும் வேண்டியவர். ஆனால் "கபோசி என்பது ஆப்பிரிக்க வைரஸால் வருகிற புற்றுநோய், அவர்களிடம் இருப்பது வேறு ரகம், நம் ஆட்களுக்கு வந்தால் அது வேறு வழியில்தான் வந்திருக்கும்" என்று அவர் சொன்னதும் மண்டபம் சிரித்ததே, அந்தச் சிரிப்பு எனக்குத் தூக்கத்தைக் கெடுத்துவிட்டது. அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

சொல்ல வேண்டியது ஒன்றுதான். தோலிலும் வாய்க்குள்ளும் ஊதாத் திட்டுகளாக வரும் இந்தக் கபோசி சர்கோமா ஒருவருக்கு எந்த வடிவில் வருகிறது என்பதை முக்கியமாகத் தீர்மானிப்பது அவர் உடலின் எதிர்ப்புச் சக்தி. வைரஸின் ரகம் அல்ல. அந்த ரகத்தை வைத்து மனிதர்களைப் பிரிப்பது அறிவியலே அல்ல.

1872-ல் வியன்னாவில் மோரிட்ஸ் கபோசி இந்த நோயை முதலில் விவரித்தபோது அவர் முன்னால் இருந்தவர்கள் ஐரோப்பியர்கள். இந்த நோயை உண்டாக்கும் வைரஸ் பிடிபட்டது 1994-ல், யுவான் சாங், பாட்ரிக் மூர் என்ற தம்பதியரின் ஆய்வுக்கூடத்தில். ஹெர்பிஸ் குடும்பத்தைச் சேர்ந்தது, மனிதரிடம் காணப்படும் எட்டாவது ஹெர்பிஸ் வைரஸ். பெரும்பாலும் எச்சில் வழியாகப் பரவுகிறது. ஆப்பிரிக்காவில் பலருக்குக் குழந்தைப் பருவத்திலேயே வீட்டுக்குள்ளிருந்தே வந்துவிடுகிறது. வந்தவர்களில் பெரும்பாலோருக்குப் புற்றுநோய் எட்டிக்கூடப் பார்ப்பதில்லை.

நோய்க்கு நான்கு முகங்கள் சொல்வார்கள். மத்தியதரைக் கடல் பகுதி முதியவர்களுக்குக் காலில் மெதுவாக, ஆண்டுக்கணக்கில் வளர்வது ஒன்று. ஹெச்.ஐ.வி. வருவதற்கு முன்பே நடு ஆப்பிரிக்காவிலும் கிழக்கு ஆப்பிரிக்காவிலும், குழந்தைகள் உட்பட, கண்டது இன்னொன்று. எய்ட்ஸோடு வருவது மூன்றாவது. நான்காவது, மாற்று உறுப்பு வைத்தவர்கள் எதிர்ப்புச் சக்தியை அடக்கச் சாப்பிடும் மாத்திரைகளால் வருவது. இந்த நான்காவதை அந்தப் பேச்சில் ஒரு வார்த்தைகூடச் சொல்லவில்லை. அதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

இனி ரகத்துக்கு வருகிறேன். இந்த வைரஸின் மரபணுத் தொகுப்பு ஏறத்தாழ 1,65,000 எழுத்து நீளம். அதன் ஒரு ஓரத்தில் கே1 என்று ஒரு சின்ன ஜீன். ஆளுக்கு ஆள் மிக அதிகமாக மாறுவது அதுதான். அதன் வேறுபாட்டை வைத்துத்தான் ஏ, பி, சி, டி, ஈ என்று பிரித்திருக்கிறார்கள். ஏ-யும் சி-யும் ஐரோப்பா, ஆசியா பக்கம். பி-யும், ஏ-யின் ஒரு கிளையான ஏ5-ம் ஆப்பிரிக்காவில். டி பசிபிக் தீவுகளில், ஈ தென் அமெரிக்கப் பூர்வகுடிகளிடம். ஏன் இப்படி ஊருக்கு ஒன்று? குடும்பத்துக்குள்ளேயே தலைமுறை தலைமுறையாகக் கைமாறி வந்த வைரஸ், மனிதர்கள் போன இடமெல்லாம் கூடவே போயிருக்கிறது. 1860-ல் சென்னையிலிருந்து ட்ரூரோ கப்பலில் டர்பனுக்கு வந்தவர்களின் ஊர்ப்பெயர்கள் இன்னும் எங்கள் வீடுகளில் இருப்பது போல. அந்த எழுத்து, வைரஸ் எந்த வழியாக வந்தது என்று சொல்லும். அது எவ்வளவு கொடியது என்று சொல்லாது.

ஆப்பிரிக்காவில் ஒரு வடிவ நோயும் இருக்கிறது, ஒரு ரக வைரஸும் இருக்கிறது. இரண்டும் ஒரே இடத்தில் இருப்பதால் இதுதான் அதற்குக் காரணம் என்று முடிச்சுப் போட்டுவிடுகிறார்கள். அந்த முடிச்சை அவிழ்க்க ஒரு உதாரணம் போதும். 1981-ல் நியூயார்க்கிலும் கலிஃபோர்னியாவிலும் இளைஞர்களுக்குக் கபோசி வந்து, உடம்பெல்லாம் பரவி, சீக்கிரமே உயிரைக் குடித்ததே, அமெரிக்க எய்ட்ஸ் நோயாளிகளிடம் பெரும்பாலும் இருந்தவை எந்த ரகங்கள்? ஏ-யும் சி-யும். மத்தியதரைக் கடல் தாத்தாக்களின் காலில் சாவகாசமாக உட்கார்ந்திருந்த அதே ரகங்கள். எழுத்து மாறவில்லை, ஆளின் எதிர்ப்புச் சக்தி மாறியது. உகாண்டாவிலும் ஜிம்பாப்வேயிலும் இதே கதை. அங்கே காலங்காலமாக இருந்த ரகங்கள்தான் இருந்தன. ஹெச்.ஐ.வி. வந்து சேர்ந்த பிறகு, ஆண்களுக்கு வரும் புற்றுநோய்களில் கபோசி முதலிடத்துக்குப் போனது. வைரஸ் புதிதாக எதையும் கற்றுக்கொள்ளவில்லை, காவல்தான் போய்விட்டது.

"கேப் டவுன் ஆய்வு இருக்கிறதே" என்று ஏற்கெனவே இன்பாக்ஸில் ஒருவர் அனுப்பிவிட்டார். இருக்கிறது. 2016-ல் வந்தது, எய்ட்ஸ் கபோசி நோயாளிகளில் ஏ5 ரகம் இருந்தவர்களுக்கு நோய் அதிகம் பரவியிருந்தது என்கிறது. மறைக்கவில்லை, நானும் படித்தேன். ஆனால் அது ஏற்கெனவே ஹெச்.ஐ.வி. உள்ளவர்களுக்குள்ளே, ஒரே ஊரில் பார்த்தது. அந்த மாதிரித் தொடர்பு எல்லா இடத்து ஆய்வுகளிலும் ஒரே மாதிரி வரவில்லை. அதிலிருந்து "நம்மவர்களுக்கு இது வராது" என்பதற்கு எப்படித் தாவினீர்கள்? தாவ வழியே இல்லை.

சரி, வைரஸின் வேறுபாட்டுக்கு மதிப்பே கிடையாதா என்று கேட்பீர்கள். உண்டு. இதே வைரஸ் காசில்மன் நோய் என்று நிணநீர்க் கணுக்களில் இன்னொரு நோயையும் கொண்டுவரும். அந்த நோயாளிகளில், வைரஸின் மைக்ரோ ஆர்.என்.ஏ. (ஜீன்களின் வேலையைக் கட்டுப்படுத்தும் சிறு துண்டுகள்) பகுதியில் வேறுபாடுகள் காணப்பட்டிருக்கின்றன. உகாண்டா நோயாளிகளின் கட்டிகளில், வைரஸின் மரபணுத் தொகுப்பே வெட்டுப்பட்டும் இடம் மாறியும் கிடப்பதைச் சமீப ஆண்டுகளில் பார்த்திருக்கிறார்கள். அது ஒரு மனிதரின் உடலுக்குள்ளே, அந்தக் கட்டிக்குள்ளே நடந்த மாற்றம். அவர் எந்த இனம் என்பதற்கும் அதற்கும் சம்பந்தமில்லை. இதையெல்லாம் ஆராயட்டும், ஆராயத்தான் வேண்டும். மண்டபத்தில் மைக் பிடித்து இன்னார் வைரஸ், நம் வைரஸ் என்று பங்கு பிரிப்பது ஆராய்ச்சியா?

எனக்கு ஏன் இவ்வளவு வலிக்கிறது என்றால், என் மாமா. டர்பனின் சாட்ஸ்வொர்த்தில் பலருக்கு அவரைத் தெரியும். சர்க்கரை நோயால் சிறுநீரகம் போய், நீண்ட நாள் டயாலிசிஸில் கிடந்து, கடைசியில் மாற்றுச் சிறுநீரகம் கிடைத்தது. வீடே அழுது சிரித்த நாள் அது. அப்புறம் கணுக்காலுக்கு மேல் ஊதா நிறத்தில் ஒரு திட்டு. வலி இல்லை, அரிப்பு இல்லை, அழுத்தினாலும் நிறம் மாறவில்லை. ஷூ கடித்தது என்றார், சர்க்கரைப் புண் என்றார். வாயின் மேலண்ணத்திலும் ஒன்று வந்த பிறகுதான் சதையை எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பினார்கள். கபோசி சர்கோமா என்று அறிக்கை வந்தது. மாமி அந்தப் பெயரை போனில் தேடினாள். திரையில் முதலில் வந்த வார்த்தை எய்ட்ஸ்.

ஹெச்.ஐ.வி. சோதனை செய்தார்கள், இல்லை என்று வந்தது. திரும்பவும் செய்தார்கள், இல்லை. யார் கேட்டார்கள்? சொந்தத்திலேயே ஒருத்தி மாமாவின் தேநீர்க் கோப்பையைத் தனியாக எடுத்து வைத்தாள். மாமா பிப்ரவரி வெயிலிலும் முழங்கால் வரை சாக்ஸ் போட ஆரம்பித்தார். தைப்பூசத்துக்குக் காவடி எடுப்பதை விட்டார். காரணம் யாரிடமும் சொல்லவில்லை, எனக்குத் தெரியும். காவடி எடுத்தால் வெறுங்கால். வழியில் பெண்கள் மஞ்சள் தண்ணீர் ஊற்றிக் காலைக் கழுவுவார்கள். குனிந்து ஊற்றுகிறவர்கள் அந்தத் திட்டுகளைப் பார்ப்பார்களே என்ற பயம். முருகனுக்குத் தோள் கொடுத்த மனிதரை, காலை மறைத்துக்கொண்டு வீட்டுக்குள் உட்கார வைத்தது வைரஸ் இல்லை.

அவரைக் குணப்படுத்தியது என்ன தெரியுமா? எதிர்ப்புச் சக்தியை அடக்கச் சாப்பிட்ட பழைய மாத்திரையைப் படிப்படியாக நிறுத்தி, அதே வேலைக்கான சிரோலிமஸ் என்ற வேறு மாத்திரைக்கு மாற்றினார்கள். இது இவருக்காகப் புதிதாகச் செய்ததல்ல. 2005-ல் இத்தாலியில் சிறுநீரகம் மாற்றிக்கொண்ட 15 பேருக்கு இப்படி மாற்றியதில், 3 மாதத்தில் தோலில் இருந்த திட்டுகள் எல்லாருக்கும் மறைந்தன. மாமாவுக்கும் திட்டுகள் வெளுத்து, இப்போது பழுப்புக் கறை மட்டும் இருக்கிறது. சிறுநீரகமும் பத்திரமாக இருக்கிறது. அவர் வைரஸ் ஏ-யா பி-யா என்று ஒரு டாக்டரும் பார்க்கவில்லை, பார்க்க வேண்டிய தேவையே வரவில்லை. வைத்தியம் முழுக்க எதிர்ப்புச் சக்தியை அடக்கும் மாத்திரையை மாற்றுவதில்தான் இருந்தது.

"அப்படியானால் உங்கள் மாமாவுக்கு எய்ட்ஸ் இல்லை என்று நிரூபிக்கத்தான் இந்தப் பதிவா" என்று யாராவது கேட்பீர்கள். அப்படிக் கேட்டால் நிஜமாகவே கோபம் வரும். கிளினிக் பெஞ்சில் மாமாவுக்குப் பக்கத்தில் ஒரு ஜூலு அம்மா உட்கார்ந்திருப்பார். அவருக்கு ஹெச்.ஐ.வி. உண்டு, பாதத்தில் அதே ஊதாத் திட்டுகள். ஒருநாள் தன் காலை நீட்டிக் காட்டி, "பாபா, உங்களுக்கும் இதுதானா?" என்று கேட்டார். மாமா அன்று முதல் முறையாக, வீட்டுக்கு வெளியே, சாக்ஸைக் கழற்றிக் காட்டினார். அந்த அம்மாவுக்கு ஹெச்.ஐ.வி. மாத்திரையாலேயே திட்டுகள் குறைந்துகொண்டு வந்தன. எதிர்ப்புச் சக்தி ஏற ஏற நோய் இறங்கியது. எங்கள் குடும்பம் காட்டாத பரிவை அந்த அம்மாதான் காட்டினார். அவரையும் சேர்த்துத்தான் அந்த மண்டபம் சிரித்தது. அவருக்கு எய்ட்ஸ் வடிவம் என்பதால் சிரிக்கலாம், மாமாவுக்கு வேறு வடிவம் என்பதால் கூடாது என்று நான் சொல்லவே மாட்டேன்.

இந்த ஊரில் எய்ட்ஸைப் பற்றிப் பொய் பேசியதற்கு என்ன விலை கொடுத்தோம் என்பது நமக்குத் தெரியாததா? 2000-ல் இதே டர்பனில் உலக எய்ட்ஸ் மாநாடு நடந்தது. அரசு மருத்துவமனைகளில் மருந்து பரவலாகக் கிடைக்க 2004 வரை ஆனது. அந்த இடைவெளியில் போனவர்களின் பிள்ளைகள் இன்று நம் தெருக்களில்தான் இருக்கிறார்கள். அவர்கள் அந்த வீடியோவைப் பார்ப்பார்கள். அண்ணா, எடுத்துவிடுங்கள். விளக்கம் வேண்டாம், மன்னிப்பும் எனக்கு வேண்டாம், எடுத்துவிட்டால் போதும்.

சிறுநீரகமோ ஈரலோ மாற்றிக்கொண்டவர்கள் யாராவது இதைப் படித்தால்: காலிலோ முகத்திலோ வாய்க்குள்ளோ வலியில்லாத ஊதா, சிவப்பு, பழுப்புத் திட்டு புதிதாக வந்திருந்தால், அடுத்த தேதி வரை காத்திருக்காமல் உங்கள் மாற்று உறுப்புக் கிளினிக்கில் காட்டுங்கள். பயந்துபோய் மாத்திரையை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள், உறுப்பே போய்விடும். மாற்றுவதை அவர்கள் செய்வார்கள். கூட வர ஆள் இல்லை என்றால் எனக்கு எழுதுங்கள், நான் வருகிறேன்.