கார்டில் ஆயாவைக் காணோம்

எந்தக் கார்டு என்று சொல்ல வேண்டியதில்லை. இந்த வாரம் எல்லார் டைம்லைனிலும் அதுதான் ஓடுகிறது. ரோஸ் நிறப் பின்னணி, வெள்ளை முடியோடு சிரிக்கும் அமெரிக்க மரபியல் விஞ்ஞானி ஜேனட் ரௌலி, நான்கு பிள்ளைகளை வளர்த்துக்கொண்டே சாப்பாட்டு மேசையில் ரத்தப் புற்றுநோயின் ரகசியத்தைக் கண்டுபிடித்த தாய் என்று நாலு வரி. அதோடு நின்றிருந்தால் நானும் ஒரு ஹார்ட் போட்டுவிட்டுப் போயிருப்பேன். ஆனால் நம் அண்ணன் அதைப் பகிர்ந்து, மனமிருந்தால் மார்க்கம் உண்டு, இந்தக் காலத்துப் பெண்கள் கவனிக்கவும் என்று எழுதி, கீழே என்னையும் டேக் செய்திருக்கிறார்.

கவனித்தேன் அண்ணா. உங்கள் கார்டைவிட அதிகமாகவே கவனித்தேன். ரௌலியை எனக்கு இந்த வாரம் வாட்ஸ்அப்பில் வந்து தெரியவில்லை. நோய் கண்டறியும் லேபில் நான் தினமும் கையெழுத்துப் போடுகிற ரிப்போர்ட்டில் பாதி அந்த அம்மா போட்ட பாதையில் நடப்பதுதான்.

முதலில் மேசைக் கதை. உண்மைதான், அவரே பல முறை சொன்னது. மைக்ராஸ்கோப்பில் எடுத்த குரோமோசோம் (செல்லுக்குள் மரபணுக்களைச் சுமக்கும் இழை) படங்களை வீட்டுக்குக் கொண்டுவந்து, கத்தரித்து, சாப்பாட்டு மேசையில் பரப்பி ஜோடி சேர்ப்பார். அம்மா காகிதப் பொம்மை வைத்து விளையாடுகிறாள் என்று பிள்ளைகள் கேலி செய்வார்களாம். அழகான கதை. ஆனால் அந்தப் படங்கள் எங்கிருந்து வந்தன? மேசை வீட்டுடையது. ஃப்ளூரசன்ஸ் மைக்ராஸ்கோப் யாருடையது? நோயாளிகளின் சாம்பிள் யார் கொடுத்தது? சிகாகோ பல்கலைக்கழகம் கொடுத்தது.

கார்டில் இல்லாத ஆள் ஒருத்தர் இருக்கிறார். ஆயா.

1962இல் ரௌலி ஆக்ஸ்ஃபோர்டிலிருந்து திரும்புகிறார். கணவருக்கு அங்கே ஒரு வருட ஆராய்ச்சி வாய்ப்பு கிடைத்திருந்தது, கூடப் போன இவர் குரோமோசோம் வேலையைக் கற்றுக்கொண்டு வந்துவிட்டார். வந்ததும் சிகாகோ பல்கலைக்கழகத்தில் லியான் ஜேக்கப்சனிடம் போகிறார். எலியின் மண்ணீரலை ஈயத்தால் மறைத்துவிட்டுக் கதிர்வீச்சு கொடுத்தால் எலி பிழைத்துக்கொள்கிறது என்று காட்டிய அதே ஜேக்கப்சன். பின்னால் வந்த எலும்பு மஜ்ஜை மாற்றுக்கும் ரத்த ஸ்டெம் செல் (எல்லா ரத்த செல்களும் பிறக்கிற மூல செல்) ஆராய்ச்சிக்கும் அது ஒரு வேர். அவரிடம் இந்த அம்மா கேட்டது: பகுதி நேரமாக ஆராய்ச்சி செய்ய வேண்டும், ஒரு மைக்ராஸ்கோப்பும் டார்க்ரூமும் போதும், அப்புறம் சம்பளம் வேண்டும், பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் ஆளுக்குக் கொடுக்கிற அளவுக்காவது. ஜேக்கப்சன் சரி என்றார். வருடத்துக்கு 5,000 டாலர்.

இதை இன்னொரு முறை படியுங்கள். குழந்தை பார்க்க ஆள் வைக்க வேண்டும், அதற்குப் பணம் கொடு என்று ஒரு பெண் கேட்டார். கேட்டது கிடைத்தது. மனமிருந்ததால் மட்டும் மார்க்கம் வரவில்லை அண்ணா. 5,000 டாலர் இருந்தது, ஆயா இருந்தார்.

அந்த மேசை அதிசயம் நடந்தது 1972இல். கேட்டதும் கிடைத்ததும் 1962இல். நடுவில் பத்து வருடம். மருத்துவப் படிப்பை முடித்தபின் சுமார் 20 வருடம் அவர் பகுதி நேரம்தான் வேலை பார்த்தார். அத்தனை காலமும் வெளியே போ என்று யாரும் சொல்லவில்லை. 1972இல் ஒரு வகை லுகேமியாவில், அதாவது ரத்தப் புற்றுநோயில், 8ஆம் குரோமோசோமும் 21ஆம் குரோமோசோமும் துண்டுகளை மாற்றிக்கொண்டிருப்பதைப் பார்த்தார். அடுத்து நாள்பட்ட மைலாய்டு லுகேமியா. இந்த நோயாளிகளிடம் நோவல், ஹங்கர்ஃபோர்டு என்ற இரண்டு அமெரிக்க விஞ்ஞானிகள் 1960இல் பார்த்துச் சொன்ன, பிலடெல்பியா குரோமோசோம் எனப்படும் அந்தக் குட்டையான 22ஆம் குரோமோசோமில் காணாமல்போன துண்டு எங்கே என்ற கேள்வி 13 வருடமாகக் கிடந்தது. அது 9ஆம் குரோமோசோமின் வாலில் ஒட்டிக்கொண்டிருக்கிறது என்று ரௌலி 1973இல் நேச்சர் இதழில் எழுதினார். மஜ்ஜையில் ஏதோ ஒரு ரத்த ஸ்டெம் செல்லில் நடக்கிற அந்த ஒரு இடமாற்றம், அதிலிருந்து பிறக்கும் செல்களுக்கெல்லாம் போகிறது. அந்த இடமாற்றத்தால் உருவாகி நோயை வளர்க்கும் புரதத்தைப் பிடித்து நிறுத்தத்தான் இமாட்டினிப் என்ற மாத்திரை வந்தது, 2001இல்.  

இதில் எதையும் கார்டு சொல்லவில்லை. நான்கு பிள்ளை, ஒரு மேசை, ஒரு தாய். அவ்வளவுதான்.

நல்ல எண்ணத்தில் போட்டதற்கு இவ்வளவு கோபமா என்பீர்கள். நல்ல எண்ணத்தில் போட்டவர் என்னை எதற்கு டேக் செய்தார்?

ரௌலியே குறை சொல்லவில்லையே, நான் அதிர்ஷ்டசாலி என்றுதானே சொன்னார் என்று ஒரு தம்பி கேட்டிருக்கிறார். ஆமாம், சொன்னார். 1944இல் மருத்துவக் கல்லூரியில் 65 இடத்தில் பெண்களுக்கு மூன்றுதான், அது நிரம்பிவிட்டது என்று ஒன்பது மாதம் காக்க வைத்ததைக்கூடச் சிரித்துக்கொண்டுதான் சொல்வார். பெரிய மனசு. எனக்கு அவ்வளவு பெரிய மனசு இல்லை தம்பி.

மூன்றாவது கேள்விதான் எனக்கு ஆகவே ஆகாது. அமெரிக்காவில் ஆயா வேண்டும், நம் வீட்டில்தான் பாட்டி இருக்கிறாளே! இருக்கிறாள். பாட்டி என்றால் என்ன? சம்பளம் கேட்காத ஆயா. முழங்கால் வலியோடு, தன் வீட்டையும் தாத்தாவையும் ஊரில் விட்டுவிட்டு, மகள் வீட்டு ஹாலில் பாய் போட்டுப் படுக்கிற ஆயா. என் அம்மா அப்படித்தான் வந்தார். அப்பாவுக்கு உடம்பு முடியாமல் போனதும் அம்மா ஊருக்குத் திரும்ப வேண்டியதாகிவிட்டது. ஐம்பது பேரோ அதற்கு மேலோ வேலை பார்க்கும் இடத்தில் குழந்தைகள் காப்பகம் வேண்டும் என்று மகப்பேறு சட்டத்தின் 2017 திருத்தம் சொன்னது. நான் அப்போது இருந்த இடத்தில் அதைக் கேட்டேன். கேள்விப்படாத வியாதியின் பெயரைச் சொன்னது மாதிரிப் பார்த்தார்கள்.

சரி, வாரத்தில் மூன்று நாள் வரட்டுமா என்று கேட்டேன். ரௌலி கேட்டதேதான், எனக்கு அப்போது ரௌலியின் அந்தக் கதை தெரியாது. எங்கள் தலைவர் சிரித்தார். "ஆராய்ச்சி என்ன டியூஷன் சென்டரா, சௌகரியப்பட்ட நாளைக்கு வந்து போக?" லேபின் பெயர் வேண்டாம். அவர் இன்றைக்கும் மகளிர் தினத்துக்கு மேடையேறி நன்றாகப் பேசுவார்.

அதற்குப் பின் நான் டயக்னாஸ்டிக் லேபுக்கு வந்தேன். மஜ்ஜை சாம்பிள் வரும், கல்ச்சர் போடுவோம், ஸ்டெயின் செய்வோம், ஸ்கிரீனில் குரோமோசோம்களை மவுஸால் இழுத்து ஜோடி சேர்ப்போம். 22 குட்டையாகவும் 9 நீளமாகவும் தெரிந்தால் கை ஒரு நொடி நிற்கும். நல்ல வேலைதான், மதிப்பு இருக்கிறது. ஆனால் நான் கேட்க நினைத்த கேள்விகள் வேறு. இமாட்டினிப் சாப்பிட்டும் மஜ்ஜையில் தூங்கிக்கொண்டே தப்பித்துவிடும் அந்த ஸ்டெம் செல்கள் பற்றி எழுத வேண்டும் என்றிருந்தேன்.

அதைச் செய்தவர்கள் இருக்கிறார்கள். கனடாவில் கோனி ஈவ்ஸ், 2024இல் இறந்தார். கணவரோடு சேர்ந்து 1981இல் வான்கூவரில் டெரி ஃபாக்ஸ் ஆய்வகத்தைத் தொடங்கியவர். ஒரு செல்லைப் பார்த்ததும் அது ரத்த ஸ்டெம் செல் என்று சொல்லிவிட முடியாது. வாரக்கணக்கில் வளர்த்து, அது என்ன பெற்றுப்போட்டது என்று எண்ணிப் பார்த்துத்தான் சொல்ல முடியும். அந்த எண்ணும் முறைகளை உருவாக்கியவர்களில் அவர் முக்கியமானவர். நாள்பட்ட மைலாய்டு லுகேமியா நோயாளியின் மஜ்ஜையிலும் நல்ல ஸ்டெம் செல்கள் ஒளிந்திருக்கின்றன என்று காட்டியதும் அவர் குழுதான். 2019இல் கனடாவின் பெரிய மருத்துவ ஆராய்ச்சி விருதான கெய்ர்ட்னர் விருது. அவருக்கு ஏன் கார்டு வரவில்லை? சாப்பாட்டு மேசையில் செல் வளர்க்க முடியாதே. இன்குபேட்டர் வேண்டும், ஆட்கள் வேண்டும், வருடக்கணக்கில் பணம் வேண்டும். அதைக் கார்டில் போட்டால் அம்மா பாசம் வராது.

ஆண் விஞ்ஞானியின் கார்டில் எத்தனை பிள்ளை என்று யாராவது போட்டுப் பார்த்திருக்கிறீர்களா? ரௌலியின் கணவரும் அதே பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி செய்தவர்தான். அதே நான்கு பிள்ளைகள் அவருக்கும்தான். அவர் சமாளித்தாரா என்று ஒருத்தரும் கேட்டதில்லை.

அண்ணனுக்கு ஒன்று. அண்ணி பயோகெமிஸ்ட்ரியில் எங்களுக்கு சீனியர், கோல்டு மெடல். பெரியவன் பிறந்ததும் விட்ட பிஹெச்.டி.யை மறுபடி பதிவு செய்யப் போனபோது வீட்டில் என்ன பேச்சு நடந்தது என்று அண்ணி என்னிடம் சொல்லியிருக்கிறார். அதை இங்கே எழுத மாட்டேன். அடுத்த கார்டில் என்னை டேக் செய்யாதீர்கள், அண்ணியை டேக் செய்யுங்கள். நாளை எனக்குக் காலை டூட்டி, கமெண்ட்டுகளுக்குச் சாயங்காலம்தான் பதில் போடுவேன்.