துண்டு கேட்டது குற்றமா?

பார்மசியில் துண்டு கேட்ட பிள்ளையைப் பார்த்து ஒருவர் கத்துகிற அந்த வீடியோவை இனி யாரும் எனக்கு அனுப்ப வேண்டாம். பார்த்தாயிற்று. வைத்தியர் மருந்து எழுதித் தந்த துண்டு இல்லாமல் அன்ரிபயோட்டிக், அதாவது பாக்டீரியாக் கிருமிகளுக்கான மருந்து, தர மாட்டேன் என்று அந்தப் பிள்ளை சொன்னது சரி. கத்திய அண்ணருக்குக் காய்ச்சலோ அவசரமோ, எதுவாக இருந்தாலும் அவள் சொன்னது சரி. கீழே "திமிர்", "காசு தந்தால் கசக்குதோ" என்று எழுதியவர்களில் சிலர் என் நண்பர் பட்டியலிலும் இருக்கிறார்கள். படித்தவர்கள்தான்.

அவள் சொந்தமாகச் சட்டம் போடவில்லை. இலங்கையில் துண்டில்லாமல் அன்ரிபயோட்டிக் விற்கக்கூடாது. 2015ஆம் ஆண்டு மருந்துச் சட்டமும் அதைத்தான் சொல்கிறது. போதாததற்குத் தேசியத் திட்டம் வேறு. அன்ரிபயோட்டிக்கைக் கண்டபடி பாவிப்பதால் மருந்துக்கு அடங்காமல் போகிற கிருமிகளைச் சமாளிக்க 2017இலிருந்து 2022 வரை ஒன்று போட்டார்கள், இப்போது 2023இலிருந்து 2028 வரை இரண்டாவது. விழிப்புணர்வு, ஆய்வுகூடக் கண்காணிப்பு, தொற்றுத் தடுப்பு, மருந்தை அளவோடு பாவித்தல், ஆராய்ச்சி என்று அழகாகப் பிரித்து எழுதியிருக்கிறார்கள். கொழும்பில் விளக்கேற்றி வெளியிட்டும் இருப்பார்கள். அந்தத் திட்டத்தைக் கவுண்டருக்குப் பின்னால் தனியாக நின்று நடைமுறைப்படுத்தியது சம்பளம் குறைந்த ஒரு பிள்ளை. நாங்கள் அவளை வீடியோ எடுத்துப் போட்டோம்.

"ஏழைச் சனம் துண்டுக்கு எங்கே போகும்?" நியாயமான கேள்வி. அரச ஆஸ்பத்திரி ஓபிடி வரிசையில் நின்றால் ஒரு நாள் கூலி போகும், தனியாரிடம் போனால் அதைவிடக் கூடப் போகும். அதற்குப் பதில் சொல்ல வேண்டியவர்கள் திட்டம் எழுதியவர்கள். ஆனால் வீடியோவில் கத்தியவர் ஏழை இல்லை. வாசலில் நின்ற வாகனத்தை எல்லோரும் பார்த்தோம்தானே.

"டாக்டர்மார் மட்டும் திறமோ?" இல்லை. பெயர் எழுதாத சின்ன உறைகளில் மூன்று நிறக் குளிசைகளைப் போட்டுத் தருகிற தனியார் டிஸ்பென்சரிகள் ஊருக்கு ஊர் இருக்கின்றன. அதில் எது அன்ரிபயோட்டிக் என்று நோயாளிக்கும் தெரியாது, அவர் அடுத்துப் போகும் டாக்டருக்கும் தெரியாது. சில பார்மசிகளில் மருந்தாளரின் சான்றிதழ் சுவரில் தொங்கும், ஆள் இருக்க மாட்டார். அங்கெல்லாம் எவருடைய ஃபோனும் வெளியே வராது. துண்டு கேட்டவளிடம் மட்டும் வந்துவிட்டது.

எனக்கு ஏன் இவ்வளவு கோபம்? என் மாமாவுக்குச் சீனி வருத்தம், காலில் ஆறாத புண். சிவந்தால் கடையில் நாலு குளிசை வாங்குவார், நோவு குறைந்ததும் நிறுத்திவிடுவார். ஒருவரும் துண்டு கேட்டதில்லை. கடைசியில் ஆஸ்பத்திரியில் சேர்த்துச் எந்த மருந்துக்குக் கிருமி அடங்கும் என்று பார்க்கும் கல்ச்சர் பரிசோதனைக்குச் சீழை அனுப்பினார்கள். வந்த அறிக்கையில் மருந்துப் பெயர்களுக்கு நேரே வரிசையாக 'ஆர்', 'ஆர்', 'ஆர்'. ரெசிஸ்டன்ட், அதாவது அந்த மருந்துக்குக் கிருமி அடங்காது. ஊசியாக ஏற்றும் மெரோபெனம் என்ற அன்ரிபயோட்டிக்தான் வேலை செய்யும் என்றிருந்தது. அது 2022, மருந்துத் தட்டுப்பாட்டுக் காலம். வெளியில் வாங்கி வரச் சொல்லித் துண்டு தந்தார்கள். மாமியின் சங்கிலியை அடகு வைத்துவிட்டுக் கடை கடையாக அலைந்தவன் நான். மாமாவுக்கு இரண்டு கால்விரல்கள் போய்விட்டன. அவர் வாங்கித் தின்ற முதல் குளிசையை ஒரு "திமிர் பிடித்தவள்" மறுத்திருந்தால் என்று இப்போதும் நினைக்கிறேன்.

2019இல் மட்டும் இப்படியான பாக்டீரியாத் தொற்றுகள் நேரடிக் காரணமாக உலகத்தில் சுமார் 12 இலட்சத்து 70 ஆயிரம் பேர் இறந்தார்கள் என்பது ஆய்வாளர்களின் கணக்கு. 2024 செப்டம்பரில் ஐ.நா.வில் கூடி, 2030க்குள் குறைந்தது 60 வீதமான நாடுகளாவது தங்கள் திட்டங்களுக்குக் காசு ஒதுக்கியிருக்க வேண்டும் என்று தீர்மானித்தார்கள். காசில்லாத திட்டம் எங்களிடம் மட்டும்தான் என்றில்லை, அது ஒரு ஆறுதல்! வங்குரோத்தான நாடு, ஆய்வுகூடத்துக்குக் காசில்லை என்கிறீர்களா? சரி, விடுங்கள். துண்டு எங்கே என்று கேட்க எத்தனை கோடி வேண்டும்?

"முதலில் கோழிப் பண்ணைக்காரரைக் கேள்" என்று ஒருவர் இன்பொக்ஸில் வந்தார். கேட்கத்தான் வேண்டும். கோழிக்கும் மற்றக் கால்நடைக்கும் கொடுக்கும் அன்ரிபயோட்டிக்கும் இதே திட்டத்துக்குள்தான் வருகிறது. அதற்காக அந்தப் பிள்ளை துண்டு கேட்டது பிழையாகிவிடுமா?

வெளிநாட்டிலிருந்து "ஊர்ப் பார்மசிக்காரருக்கு மனிதாபிமானம் செத்துப்போச்சு" என்று எழுதும் உறவுகளுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். லண்டனில் கடைக்குப் போய்த் துண்டில்லாமல் அமொக்ஸிசிலின் என்ற அன்ரிபயோட்டிக்கைக் கேட்டவுடன் வாங்கிக் காட்டுங்கள் பார்ப்போம். தர மாட்டார்கள். அதனால்தானே ஊருக்கு வந்து திரும்பும்போது மிளகாய்த்தூளோடு சேர்த்து அதையும் பெட்டிக்குள் அடுக்கிக்கொண்டு போகிறீர்கள்?