பேஸ் வாசித்தது யார்?

ஜாஸ் ரசிகர்கள் நாலு பேர் சேர்ந்தால் கொஞ்ச நேரத்தில் இசையை விட்டுவிட்டுப் பெயர்களுக்குத் தாவிவிடுவார்கள் என்று ஒரு கேலி உண்டு. உண்மைதான். ஒருவர் "சோனி கிளார்க்" என்பார். கிளார்க்கோடு ஏதாவது ஒரு ரெக்கார்டில் வாசித்தவரை அடுத்தவர் சொல்லவேண்டும். "பால் சேம்பர்ஸ்." உடனே மூன்றாமவர் மடக்குவார்: "எதில்?" "கூல் ஸ்ட்ரட்டின், 1958." அப்புறம் சேம்பர்ஸிலிருந்து தொடங்கும். அந்தாதி மாதிரி போய்க்கொண்டே இருக்கும்.

"இது பாட்டுக் கேட்கிற லட்சணமா, பொது அறிவுப் போட்டியா?" என்று கேட்பவர்களுக்காகத்தான் இந்தப் பதிவு. என் கட்சி என்னவென்றால், ஜாஸைக் காது கொடுத்துக் கேட்க இதைவிட நல்ல பயிற்சி கிடையாது. ரெக்கார்டு பேச்சில் வெட்டிப்பேச்சு என்று எதையாவது ஒதுக்கியே ஆகவேண்டும் என்றால், இது முதல் பிரஸ்ஸிங்கா (முதன்முதலில் அச்சான பிரதியா), லேபிளில் எந்தத் தெரு விலாசம் அச்சாகியிருக்கிறது, ஏலத்தில் எவ்வளவுக்குப் போனது என்பதையெல்லாம் ஒதுக்குங்கள். அந்தப் பேச்சில் யாரும் எதையும் வாசிப்பதே இல்லை.

இன்று ஒருவர் தலைமையில் வாசிப்பவர் அடுத்த வாரம் வேறொருவரின் ரெக்கார்டில் இருப்பார், அதற்கடுத்த வாரம் அவரே தலைவர். ஜாஸ் ரெக்கார்டுகள் இப்படித்தான் உருவாயின. அட்டையின் முன்பக்கத்தை மட்டும் படிப்பவருக்கு இது தெரியவே தெரியாது. பாட்டுச் செயலிகள் வந்தபிறகு பின்பக்கமும் போய்விட்டது, தலைவரின் பெயரும் படமும்தான் மிச்சம்.

பேஸ் (தாழ்ந்த சுரங்களில் ஒலிக்கும் பெரிய தந்திக் கருவி) வாசித்த பால் சேம்பர்ஸையே எடுத்துக்கொள்ளுங்கள். சாக்ஸபோன் கலைஞர் ஜான் கோல்ட்ரேனின் 'ப்ளூ ட்ரெயின்', 'ஜயண்ட் ஸ்டெப்ஸ்', டிரம்பெட் கலைஞர் மைல்ஸ் டேவிஸின் 'கைண்ட் ஆஃப் ப்ளூ', ஆர்ட் பெப்பரின் 'மீட்ஸ் த ரிதம் செக்‌ஷன்', ஆலிவர் நெல்சனின் 'த ப்ளூஸ் அண்ட் தி ஆப்ஸ்ட்ராக்ட் ட்ரூத்'. எல்லாவற்றிலும் பேஸ் அவர்தான். எல்லாம் 1957க்கும் 1961க்கும் நடுவில் பதிவானவை. 1969இல், 33 வயதில், போய்ச் சேர்ந்துவிட்டார். 'ஜயண்ட் ஸ்டெப்ஸ்' ஆல்பத்தில் வரும் 'மிஸ்டர் பி.சி.' அவருக்காகக் கோல்ட்ரேன் போட்டது. 'கைண்ட் ஆஃப் ப்ளூ'வில் வரும் 'சோ வாட்'டைத் திரும்பப் போட்டுக் கேளுங்கள். முன்னோட்டம் முடிந்ததும் மெட்டைச் சொல்வது டிரம்பெட் இல்லை, பேஸ். காற்றுக் கருவிகள் எல்லாம் சேர்ந்து இரண்டே சுரத்தில் 'ஆமாம்' போடுகின்றன. மைல்ஸ் பெயரை மட்டும் மனதில் வைத்துக்கொண்டு கேட்பவர், டிரம்பெட் எப்போது வரும் என்று காத்திருந்தே இதைக் கோட்டைவிட்டுவிடுவார்.

அதே ஆல்பத்தில் பியானோ யார் என்று கேட்டால் பில் எவன்ஸ் என்று எல்லோரும் சொல்வார்கள். 'ஃப்ரெடி ஃப்ரீலோடர்' என்ற ஒரு பாட்டில் மட்டும் வின்டன் கெல்லி. அதைச் சொல்பவருக்கு ஒரு சபாஷ் உண்டு. பில் எவன்ஸ் என்றால் எந்தப் பில் எவன்ஸ் என்று கேட்கவும் இடமிருக்கிறது. 1980களில் மைல்ஸோடு சாக்ஸ் வாசித்த பில் எவன்ஸ் வேறு ஆள். யூசுஃப் லத்தீஃபும் மதம் மாறிப் பெயரை மாற்றிக்கொள்வதற்கு முன் பில் எவன்ஸ்தான்! ஜோன்ஸ் பக்கம் போனால் இன்னும் மோசம். ஜோ ஜோன்ஸ், ஃபில்லி ஜோ ஜோன்ஸ், எல்வின் ஜோன்ஸ் மூவரும் டிரம்ஸ். மூவரில் ஒருவருக்கொருவர் சொந்தம் கிடையாது. எல்வினின் அண்ணன்மார் ஹாங்க்கும் தாடும் தனிக்கணக்கு.

புனைபெயர்கள் வந்தால் ஆட்டம் சூடுபிடிக்கும். வேறு கம்பெனியோடு ஒப்பந்தம் இருந்ததால் நிறைய பேர் பொய்ப்பெயரில் வாசித்தார்கள். 1953இல் டொராண்டோ மாசி ஹால் கச்சேரி ரெக்கார்டாக வந்தபோது சாக்ஸ் கலைஞர் சார்லி பார்க்கர் அதில் 'சார்லி சான்'. கோல்ட்ரேனின் 'ஓலே'யில் எரிக் டால்ஃபி 'ஜார்ஜ் லேன்'. ப்ளூ நோட் கம்பெனி வெளியிட்ட லூயி ஸ்மித்தின் ஆல்பத்தில் கேனன்பால் ஆடர்லி 'பக்‌ஷாட் லா ஃபங்க்'. (சாக்ஸின் தொனியைக் கேட்டவன் இந்தப் பெயரையா நம்புவான்?) பிற்பாடு பிரான்ஃபர்ட் மார்சாலிஸ் இந்தப் பெயரையே லேசாக மாற்றித் தன் குழுவுக்கு வைத்துக்கொண்டார். அவர் தம்பி வின்டனுக்குப் பெயர் வந்தது வின்டன் கெல்லியிடமிருந்து. அந்த வீட்டிலேயே ஆட்டம் நடந்திருக்கிறது.

எனக்கு மிகவும் பிடித்த தகராறு ஒன்று உண்டு. லூயி ஆர்ம்ஸ்ட்ராங்கிலிருந்து சார்லி பார்க்கருக்கு எப்படிப் போவது? ஆர்ம்ஸ்ட்ராங்கும் பியானோ கலைஞர் ஏர்ல் ஹைன்ஸும் 1928இல் 'வெதர் பேர்ட்' வாசித்தார்கள். ஹைன்ஸின் குழுவில் 1943இல் பார்க்கர், டிஸ்ஸி கில்லெஸ்பி இருவருமே இருந்தார்கள். இரண்டே எட்டில் போய்விடலாம். ஆனால் 1942 ஆகஸ்டில் அமெரிக்க இசைக்கலைஞர் சங்கம் ராயல்டி கேட்டு ரெக்கார்டிங்கை நிறுத்திவிட்டது. அதனால் அந்தக் குழு வாசித்ததற்கு ஒரு ரெக்கார்டுகூட இல்லை. 'ரெக்கார்டில் இருக்கவேண்டும்' என்ற விதிப்படி இந்த எட்டு செல்லாது என்பேன் நான். பீபாப் என்ற புது ஜாஸ் பாணி உருவான காலத்தில் எவ்வளவு பெரிய ஓட்டை விழுந்திருக்கிறது என்பது இப்படி மாட்டிக்கொண்டு முழிக்கும்போதுதான் உறைக்கிறது. சரித்திரப் புத்தகத்தில் அது ஒரு வரியாகத்தான் வரும். சரி, வேறு வழி? இங்கேயும் பேஸ்தான் கைகொடுக்கிறது: ரே பிரவுன். 1956இல் பாடகி எல்லா ஃபிட்ஸ்ஜெரால்டும் ஆர்ம்ஸ்ட்ராங்கும் சேர்ந்து பாடிய ஆல்பத்தில் அவர் இருக்கிறார், 1952இல் தயாரிப்பாளர் நார்மன் கிரான்ஸ் நடத்திய ஜாம் செஷனில் (கலைஞர்கள் கூடி வாசிக்கும் கூட்டில்) பார்க்கரோடும் இருக்கிறார்.

பேஸ் கலைஞர் ரான் கார்ட்டரை மட்டும் ஆட்டத்தில் சேர்க்காதீர்கள். 2015இல் கின்னஸ் கணக்கெடுத்தபோதே 2,221 பதிவுகள். அவரை உள்ளே விட்டால் யாரும் யாரையும் சேர்த்துவிடலாம், சுவாரசியம் போய்விடும்.

விருப்பமிருந்தால் இப்போதே ஆடுவோம். பால் டெஸ்மண்டிலிருந்து எரிக் டால்ஃபிக்குப் போங்கள், கார்ட்டர் வழியாகப் போகக்கூடாது. ஜிம் ஹால் என்று வாயெடுத்தவர்கள் கொஞ்சம் பொறுங்கள், மற்றவர்களும் யோசிக்கட்டும்.